டொமைன் எக்ஸ்டென்ஷன்: நீட்சியா, விகுதியா?

இணைய முகவரியின் கடைசியில் வரும் டாட் காம் (.com) போன்ற துண்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இந்த இழையின் கேள்வி.

> நீட்சி என்றே வைத்துக்கொள்ளலாமே, பழகிய சொல்தானே?

பழகியதுதான் சிக்கல், ஐயா. உலாவியில் நீட்சி என்றால் வேண்டுமானால் சேர்ப்பது, வேண்டாமென்றால் கழற்றுவது. டாட் காமைக் கழற்றினால் முகவரியே இல்லை. பின்னொட்டு பரவாயில்லை, ஆனால் கடைசியில் பசை தடவி ஒட்டியது போல ஒலிக்கிறது. ஈறு அழகான சொல், ஆனால் கேட்டவுடன் பல் டாக்டர் நினைவு வருகிறது.

நான் விகுதி என்பேன். புள்ளிக்கு முன்னால் பகுதி, பின்னால் விகுதி. வணிகக்குறிச் சண்டைகளை விளக்க இது நன்றாகவே உதவுகிறது.

2012இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு புது விகுதிகளுக்கு விண்ணப்பம் கேட்டது. ஒன்றுக்குக் கட்டணம் 1,85,000 டாலர். அப்படியும் 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. விகுதி கூடக் கூட, வணிகக்குறி வைத்திருக்கும் நிறுவனம் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாங்கியாக வேண்டும். 2015இல் டாட் சக்ஸ் (sucks, ‘படுமோசம்’ என்ற திட்டு) வந்தபோது குறியுடையோருக்குச் சொன்ன விலை 2,499 டாலர். திட்டு வாங்காமலிருக்கக் கப்பம்!

இதற்காகத்தான் 2013இல் குறிகளுக்கென்று ஒரு பொதுப் பதிவேடு வந்தது. அதில் குறியைப் பதிந்துவைத்தால், புது விகுதி ஒவ்வொன்றிலும் பொது விற்பனைக்கு முன் குறைந்தது 30 நாள் முந்துரிமை உண்டு. அங்கே ஒப்பிடுவது பகுதியை மட்டும்தான்.

1999 முதல் நடப்பிலிருக்கும் இணையப் பெயர்த் தகராறு விதிகளிலும் நடுவர்கள் பெரும்பாலும் விகுதியைத் தள்ளிவிட்டே பார்ப்பார்கள். 2014இல் கேன்யன் டாட் பைக் வழக்கு வந்தது. கேன்யன் ஜெர்மன் மிதிவண்டி நிறுவனம், விகுதியோ மிதிவண்டி. இனி விகுதியையும் சேர்த்தே ஒப்பிடலாம் என்றார் நடுவர். பெயர் நிறுவனத்துக்கே போனது.

> விகுதி திணை, பால், எண், இடம் காட்டும். டாட் காம் எதைக் காட்டுகிறது?

நல்ல கேள்வி. நம் எழுத்திலேயே இருக்கும் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் இடம் காட்டுகின்றன. (இலக்கணம் சொல்லும் இடம் தன்மை, முன்னிலை, படர்க்கை என்பது தெரியும், அடிக்க வராதீர்கள்.) டாட் பைக் தொழிலைக் காட்டுகிறது. டாட் காமும் ஒரு காலத்தில் வணிகத்தைக் காட்டியது, இப்போது முப்பாலுக்கும் பொது.

என் சொல் தடுமாறும் இடத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். கொலம்பியாவின் விகுதி டாட் கோ. அதில் ஒருவர் “டெஸ்” என்று மட்டும் பதிந்தார். புள்ளியை மறந்து படித்தால் டெஸ்கோ, பிரிட்டனின் பெரிய பல்பொருள் அங்காடி. பெயர் டெஸ்கோவிடம் போனது. குறி புள்ளியின் இருபுறமும் கிடக்கும்போது எது பகுதி, எது விகுதி? சரி, அதைப் பகாப்பதம் என்று வைத்துக்கொள்வோம்.

இதே துண்டுக்கு ஆவணங்களில் வழங்கும் உயர்நிலை ஆள்களம் (டாப் லெவல் டொமைன்) என்ற சொல்லை நான் மாற்றச் சொல்லவில்லை. அங்கே அது இருக்கட்டும். பெயர் வாங்கப் போகிறவர் “எந்த விகுதியில் வேண்டும்?” என்ற கேள்வியைப் புரிந்துகொள்வாரா என்பதே என் கவலை. அப்புறம், அந்த 30 நாள் முந்துரிமைக் காலத்தை, அதாவது சன்ரைஸ் காலத்தை, யாரோ “உதயகாலம்” என்று எழுதியிருந்தீர்கள். அதற்குத் தனி இழை திறக்கிறேன்.