ஸ்டெப் வோல்டேஜ்: படியா, தப்படியா, காலிடையா?

குன்னூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நாம் தமிழாக்கும் துணைமின் நிலைய எர்த்திங் (மின்கருவிகளை மண்ணோடு இணைத்தல்) கையேட்டில் 'ஸ்டெப் வோல்டேஜ்' வருகிற இடமெல்லாம் 'படி மின்னழுத்தம்' என்று போட்டிருக்கிறோம். அச்சுக்குப் போகும் முன் இதை மாற்றியாக வேண்டும். ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மரில் உள்ள ஸ்டெப் மின்னழுத்தத்தை ஏற்றுவது, இது தரையில் ஊன்றிய இரு கால்களுக்கு இடையே வரும் மின்னழுத்த வேறுபாடு. அதைவிடப் பெரிய சிக்கல், மலையில் படி என்றால் கல் படிக்கட்டுதான். சரிவில் அமைந்த யார்டுகளில் (துணைமின் நிலையத்தின் திறந்தவெளிகளில்) மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்கும் நடுவே படிக்கட்டு இருக்கும். 'படி மின்னழுத்த அபாயம்' என்ற பலகையைப் பார்ப்பவர் படிக்கட்டில் ஷாக் அடிக்கும் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

மூலம் ஐ-ட்ரிபிள்-ஈ (IEEE) என்ற பொறியாளர் அமைப்பின் 80-ஆம் எண் வழிகாட்டி. 1961-இல் அது முதலில் வந்தபோது ஐ-ட்ரிபிள்-ஈ என்ற பெயரே இல்லை. 1884-இல் தொடங்கிய அமெரிக்க மின்பொறியாளர் கழகம் வெளியிட்டது. அந்தக் கழகமும் 1912-இல் தொடங்கிய ரேடியோ பொறியாளர் கழகமும் 1963 ஜனவரி 1 அன்று ஒன்றானபோதுதான் இன்றைய பெயர் வந்தது. நாம் வைத்துக்கொண்டிருப்பது 2013 பதிப்பு. அதன் வரையறையைத் தமிழில் சொன்னால்: எர்த் செய்த எதையும் தொடாமல், 1 மீட்டர் இடைவெளியில் கால்களை ஊன்றியவர் உணரக்கூடிய தரைமேற்பரப்பு மின்னழுத்த வேறுபாடு. 'தொடாமல்', '1 மீட்டர்', 'தரைமேற்பரப்பு' மூன்றும் முக்கியம். மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்க முடியாது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

> எதை விடலாம், எதை விடக்கூடாது

1 மீட்டரை விடக்கூடாது அண்ணா. அதனால் 'தப்படி மின்னழுத்தம்' என்று வைக்கலாம். தோட்டத்தில் இடத்தைத் தப்படி போட்டு அளப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எட்டி வைத்த ஒரு தப்படி ஏறக்குறைய 1 மீட்டர். வரையறையின் அளவு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

அறுந்து விழுந்த கம்பிக்குப் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவும் இது உதவும். கம்பி மண்ணைத் தொட்ட இடத்தில் மின்னழுத்தம் உச்சம். விலக விலக முதலில் சரேலென்றும் பிறகு மெதுவாகவும் இறங்கும். கால்களை அகட்டி வைத்தால் இரண்டு பாதங்களும் வெவ்வேறு அழுத்தத்தில் இருக்கும், வேறுபாடு உடம்பு வழியாகப் பாயும். பாதங்களை ஒட்டி வைத்து, தரையை விட்டு எடுக்காமல் இழுத்து இழுத்து, குறைந்தது 10 மீட்டர் விலக வேண்டும். 'தப்படி வைக்காதே' என்றால் கேட்ட மாத்திரத்தில் புரியும்.

கூடலூரிலிருந்து:

தப்படி நல்ல சொல். ஆனால் அது மனிதனின் நடையோடு கட்டுப்பட்டது. இங்கே இடிமழையில் சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்குகிற மாடுகளை மறந்துவிடக்கூடாது. மின்னல் மரத்தில் இறங்கி வேர் வழியாக மண்ணில் பரவும்போது, மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் உள்ள தூரம் 1.5 மீட்டர் அளவு. மின்னோட்டம் போகிற வழியும் மார்புக்கூடு. மனிதனுக்குக் காலிலிருந்து காலுக்குப் போவதில் இதயத்துக்கு வரும் பங்கு சிறியது. அதனால்தான் பக்கத்தில் நின்ற ஆள் பிழைத்து மாடு மட்டும் விழுகிறது. மாடு தப்படி வைத்ததாலா செத்தது? அது நின்றுகொண்டுதான் இருந்தது.

என் முன்மொழிவு 'காலிடை மின்னழுத்தம்'. இரண்டு காலானாலும் நான்கு காலானாலும் பொருந்தும், நடந்தாலும் நின்றாலும் பொருந்தும். 1 மீட்டரை வரையறையில் சொல்லிக்கொள்ளலாம். 'தொடாமல்' என்பதும் ஓரளவு வந்துவிடுகிறது: எர்த் செய்த பொருளைத் தொட்ட கைக்கும் காலுக்கும் இடையே என்றால் 'தொடு மின்னழுத்தம்', காலுக்கும் காலுக்கும் இடையே என்றால் 'காலிடை'.

இரண்டையும் ஏன் கறாராகப் பிரிக்க வேண்டும் என்பதற்குக் கையேட்டில் ஒரு கணக்கைச் சேர்க்கச் சொல்வேன். 50 கிலோ எடையுள்ளவர், 0.5 விநாடியில் ரிலே பழுதை உணர்ந்து பிரேக்கர் மின்சாரத்தைத் துண்டிக்கிறது, மண்ணின் தடைத்திறன் (மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மையின் அளவு) 100 ஓம்-மீட்டர் என்று வையுங்கள். 80-ஆம் வழிகாட்டியின் சூத்திரப்படி வெறும் மண்ணில் தாங்கக்கூடிய தொடு மின்னழுத்தம் 189 வோல்ட், காலிடை 262 வோல்ட். அதே மண்மேல் 10 செ.மீ. கருங்கல் ஜல்லி, நனைந்த நிலையில் 3000 ஓம்-மீட்டர் என்று எடுத்தால் தொடு 681, காலிடை 2231. ஜல்லி போட்டதும் காலிடை எட்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது, தொடு நான்கு மடங்கைக்கூட எட்டவில்லை. காரணம், காலிடையில் இரண்டு பாதங்களின் தடையும் தொடராக வருகிறது. தொடுவதில் அவை இணையாகிவிடுகின்றன. ஆக, நம் யார்டுகளில் டிசைனை முடிவு செய்வது பெரும்பாலும் தொடு மின்னழுத்தம்தான். இரண்டு சொல்லும் குழம்பினால் 2231-ஐப் பார்த்து நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

இந்தக் கணக்கு ஜல்லி ஜல்லியாக இருக்கும்வரைதான். நீலகிரி மழையில் சரிவிலிருந்து செம்மண் கரைந்து வந்து கல்லுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும், மேலே புல் முளைக்கும். குனிந்து ஒரு கல்லை எடுத்தால் அடியில் சேறு ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வந்தால் அங்கே 3000 இல்லை, மண்ணின் 100-தான். மேல்தளச் சரிவின் அடியில் காங்கிரீட் வாய்க்கால் வெட்டி மண்நீரைத் திருப்ப வேண்டும். தூளில்லாத ஜல்லியாகப் பார்த்து வாங்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் கிளறி, குறைந்த இடத்தில் புதிதாகப் போட வேண்டும்.

குன்னூரிலிருந்து:

மாட்டு வாதத்துக்கு மறுப்பில்லை. 'காலிடை' பக்கம் நானும் வருகிறேன். மண் தடைத்திறன் அளக்கும் பகுதியிலும் ஒரு திருத்தம் வேண்டும். அளக்கும் கருவியோடு இணைத்து மண்ணில் அடிக்கும் நான்கு உலோக முளைகளும் ஒரே கோட்டில், சம இடைவெளியில். முளை இறங்கும் ஆழம் இடைவெளியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. அதாவது 4 மீட்டர் இடைவெளிக்கு 20 செ.மீ. தடைத்திறன் = 6.28 × இடைவெளி × கருவி காட்டும் ஓம். சரிவில் மேலிருந்து கீழாகப் போடாமல் தேயிலை வரிசையோடு குறுக்காகப் போடச் சொல்லுங்கள். ஒரே இடைவெளியில் அளந்து நிறுத்திவிடவும் கூடாது: மேலே செம்மண், கீழே சார்னோகைட் பாறை. இடைவெளியை 2, 4, 8, 16 என்று அகட்டினால்தான் பாறை எங்கே தொடங்குகிறது என்று தெரியும். மழைக்கு மறுநாள் அளந்ததை வைத்து டிசைன் செய்தால் மண் காய்ந்த பிப்ரவரியில் ஏமாற்றும்.

உதகையிலிருந்து:

'காலிடை'க்கு என் வாக்கும். கோத்தகிரிக்காரர் சொன்ன தப்படியை விட்டுவிட வேண்டாம். விழிப்புணர்வுப் பலகையில் 'கம்பி விழுந்த இடத்தில் தப்படி வைக்காதீர்' என்றே எழுதலாம். கலைச்சொல் பட்டியலில் மட்டும் காலிடை.

இதோடு 'டிரான்ஸ்பர்டு வோல்டேஜ்' (யார்டின் மின்னழுத்தம் பைப், கம்பி வழியே வெளியே போய்ச் சேர்வது) என்பதையும் முடித்துவிடுவோம். 'மாற்று மின்னழுத்தம்' என்று போட்டிருக்கிறோம், அது மாறுதிசை (ஏ.சி.) மின்னழுத்தத்தோடு குழம்பும். 'தொலைத்தொடு மின்னழுத்தம்' என்று வைத்தால், இது தொடு மின்னழுத்தத்தின் ஒரு வகைதான் என்பதும் தெரிந்துவிடும். யார்டிலிருந்து இறங்குகிற ஜி.ஐ. தண்ணீர்ப் பைப் 200 மீட்டர் கீழே ஒரு வீட்டுக் குழாயில் முடிகிறது என்று வையுங்கள். ஃபால்ட் (மின்பழுது) நேரத்தில் எர்த் கட்டத்தின் (யார்டின் அடியில் வலைபோல் புதைத்த கம்பிகளின்) மின்னழுத்தம் எவ்வளவு ஏறுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவும் அந்தக் குழாயில் நிற்கும். சுற்றியுள்ள மண்ணுக்கு அது தெரியாது. குழாயைத் திறப்பவர் யார்டுக்குள் கால் வைத்ததே இல்லை. யார்டு வேலியோடு சேர்த்துக் கட்டிய தோட்டத்து முள்கம்பியும் இதையே செய்யும். பைப் வெளியேறும் இடத்தில் போதிய நீளத்துக்கு பி.வி.சி. போட வேண்டும், சிறு துண்டு போதாது, உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே உள்ள ஈரமண்ணும் மின்சாரத்தைத் தாண்டவிடும். தோட்டத்து வேலியை யார்டு வேலியோடு சேர்க்காமல், நடுவே மரத்தூண் நட்டு இடைவெளி விட வேண்டும்.

பட்டியலுக்கான பதிவு இப்படி இருக்கட்டும்:

காலிடை மின்னழுத்தம்: எர்த் செய்த எதையும் தொடாத நிலையில், 1 மீட்டர் இடைவெளியில் ஊன்றிய இரு பாதங்களுக்கு இடையே தரையில் உண்டாகும் மின்னழுத்த வேறுபாடு. கால்நடைக்கு முன்கால் பின்கால் தூரத்தைக் கொள்க.

'மெஷ் வோல்டேஜ்' (எர்த் கட்டத்தின் ஒரு கண்ணிக்குள் வரும் உச்சத் தொடு மின்னழுத்தம்) மட்டும் மீதி. 'கட்ட மின்னழுத்தம்' என்றால் கட்டடத்தோடு குழம்புமா என்று கூடலூர் ஐயா சொல்லட்டும்.