ஸ்போன்: காளான் விதையா, இழைமணியா?

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக் காளான் வளர்ப்புக் கையேட்டின் சொற்பட்டியலில் ஸ்போனுக்கு (spawn) நேரே "காளான் விதை" என்று இருக்கிறது. பேச்சிலும் அப்படித்தான் வழங்குகிறது. ஆனாலும் மாற்றவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நெல்லை உமி வெடிக்கும் வரை அவித்து, நீர் வடித்து, நூற்றுக்கு இரண்டு பங்கு கல்சியம் காபனேற்று கலந்து, போத்தலில் அடைத்து, பிரஷர் குக்கரில் கிருமி நீக்கி, ஆறியபின் காளான் இழையை விட்டு வளர்த்தெடுப்பதுதான் ஸ்போன். அந்த நெல் முளைக்காது. அதன்மேல் படர்ந்த வெள்ளை இழைக்குத்தான் உயிர்.

விதை என்று கேட்டவர் அதைக் காயவைத்துப் பேணியில் இறுக மூடிவைப்பார். காய்ந்தாலும் இழை சாகும், காற்றில்லாவிட்டாலும் சாகும். "வித்து"ம் சரிவராது. எங்கள் பாடநூல்களில் காளான் குடையின் அடியிலுள்ள மடிப்புகளிலிருந்து தூளாக உதிர்வது வித்தி (spore). இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் குழம்புவர்.

"இழைமணி" என்று வைக்கலாமா?

*

> "இழைமணி" என்று வைக்கலாமா?

அண்ணை, இழை பொருத்தம், மணிதான் இடிக்கிறது. மரத்தூளிலும் ஸ்போன் செய்கிறார்கள், மரக்குற்றியில் அடிக்கும் சிறு ஆப்புகளிலும் செய்கிறார்கள். அவற்றில் மணி எங்கே? அடுத்த போகத்துக்கு ஒதுக்கும் நெல்லை விதைமுதல் என்கிறோமே, அந்த வழியில் "இழைமுதல்" என்போம். நெல் இழைமுதல், மரத்தூள் இழைமுதல், மற்றவற்றைப் பெருக்க எடுக்கும் தாய் இழைமுதல் எல்லாம் தானாக அமைகின்றன.

செய்முறையில் வைத்துப் பாருங்கள்:

"மரத்தூள் 10 கிலோ, அரிசித் தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், பயற்றம் மா 100 கிராம், எப்சம் உப்பு 20 கிராம். நீர் விட்டுக் கலந்து கையால் இறுக்கினால் உருண்டை நிற்கவேண்டும், நீர் சொட்டக்கூடாது. பையில் அடைத்து, கழுத்துக்கு பிவிசி வளையமும் பஞ்சும் வைத்து, பீப்பாயில் ஆவியில் அவிக்கவும். மறுநாள் நன்றாக ஆறியபின் பைக்கு ஒரு மேசைக்கரண்டி இழைமுதல் இடவும்."

உறைமோர் போலத்தான்: சூட்டில் இட்டால் செத்துவிடும். இட்டபின் இழை பை முழுதும் பரவும் காலத்துக்கு "இழையோட்டம்" போதும். இழையோடுதல் ஏற்கெனவே எங்களிடம் உள்ள வினை. சிப்பிக் காளானுக்கு மூன்று நான்கு கிழமை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் பைகளை நெருக்கி அடுக்கினால் நடுவில் சூடேறி இழையோட்டம் நின்றுவிடும். இதையும் சொற்பட்டியலில் இழையோட்டத்துக்கான பதிவிலேயே சேர்க்கவேண்டும்.

*

இழைமுதல் என் சொல்லைவிட நல்லது. இழைமணியை விட்டுவிடுகிறேன்.

வரைவிலக்கணத்தில் பழுதறியும் குறிப்பும் வேண்டும். பச்சைத் திட்டு என்றால் திரைக்கோடெர்மா பூஞ்சணம். செம்மஞ்சள் பொடி என்றால் நியூரோஸ்போரா. நெல் நசநசத்துப் புளித்த மணம் வந்தால் பற்றீரியா. நீர் சரியாக வடியாதது காரணமாக இருக்கலாம். மூன்றையும் மற்றப் பைகளுக்கு அருகே திறக்கக்கூடாது.

சேமிப்பில் ஒரு வேறுபாடு. சிப்பிக் காளான் இழைமுதலைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 4 பாகை செல்சியசில் சில கிழமை வைக்கலாம். வைக்கோல் காளானினது அந்தக் குளிரில் இறந்துவிடும். ஆகவே எந்தக் காளான் என்பது பொதியில் ஒட்டும் சுட்டுத்துண்டில் முதலில் வரட்டும்: "சிப்பிக் காளான், நெல் இழைமுதல், 250 கிராம். உறைய வைக்கவேண்டாம். பச்சை தெரிந்தால் பாவிக்கவேண்டாம்."