புள்ளியியல் வகுப்பு தொடங்கும் முன் எதைப் படிக்கலாம்?

கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்):
தங்கை தமிழ்வழியில் +2 முடித்து, கல்லூரியில் புள்ளியியல் எடுத்திருக்கிறாள். வகுப்புக்கு மூன்று வாரம் இருக்கிறது. எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில் 1:
10ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஆரம்பிக்கச் சொல்லுங்க. திட்டவிலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, அதில் இருக்கிறது. ஆனால் கல்லூரியில் ஒரு இடத்தில் இடிக்கும். துறைமுகத்தில் 5 நாள் மத்தி விலை 140, 160, 180, 200, 220 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 180. விலகல்களின் வர்க்கக் கூடுதல் 4000. பள்ளியில் 5ஆல் வகுத்தோம்: 800, அதன் வர்க்கமூலம் 28.28. இதையே மாதிரியாக, அதாவது பல நாள் விலைகளிலிருந்து எடுத்த ஒரு சிறு பகுதியாக, எடுத்தால் 4ஆல் வகுக்கணும்: 1000, வர்க்கமூலம் 31.62. காரணம், சராசரியையும் இதே ஐந்து எண்களிலிருந்துதான் எடுத்தோம். விலகல்களின் கூடுதல் எப்போதும் 0 என்பதால் நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானே வந்துவிடும். இந்தக் கணக்கைக் கையால் போடாமல் கால்குலேட்டரைத் தொட வேண்டாம். அதில் இரண்டு விடையுமே வரும், எது எதுவென்று குழம்பும்.

பதில் 2:
மேலே சொன்னது ரொம்ப முக்கியம். கூடவே நிகழ்தகவு, குறிப்பாக நிபந்தனை நிகழ்தகவு (ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்தபின் இன்னொன்று நடக்கும் வாய்ப்பு). மாணவர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான்.

அடுத்து இயல்நிலைப் பரவல், அதாவது மணி வடிவ வளைவு. அதன் பரப்பு அட்டவணையின் தலைப்பில் உள்ள படத்தைப் பார்க்கணும். இசட் மதிப்பு (சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்பது) 1க்குச் சில அட்டவணையில் 0.3413, சிலதில் 0.8413. முன்னது நடுக்கோட்டிலிருந்து, பின்னது இடது ஓரத்திலிருந்து அளந்த பரப்பு. வித்தியாசம் 0.5.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. ஆங்கிலச் சொற்கள்?

பதில் 2:
ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதட்டும், தினம் ஐந்து சொல் போதும்.