களிமண்ணில் சுண்ணாம்பு கலந்த அனுபவம்: என்னுடையது இது, உங்களுடையதையும் எழுதுங்க

பெரும்பாக்கம் சைட் இன்ஜினியர்:

பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குத் தெற்கே, பெரும்பாக்கத்தில் என் அக்கா வீடு. வீடு பைல் மேல், அதாவது மண்ணில் ஆழமாக இறக்கிய கான்கிரீட் தூண்கள் மேல் நிற்கிறது, அதற்கு ஒரு குறையும் இல்லை. தொல்லையெல்லாம் கார் நிறுத்தும் தரையில்தான், அடியில் களிமண். ஐப்பசி மழைக்கு உப்பும், சித்திரை வெயிலுக்கு இறங்கி வெடிக்கும்.

சுண்ணாம்பு போட்டால் சரியாகும் என்று சொன்னதே நான்தான். மேஸ்திரி பத்து மூட்டையை மண் மேலே தூவி, மம்மட்டியால் கொத்திவிட்டு, அன்றைக்கே தட்டி கான்கிரீட் போட்டார். பக்கத்தில் நின்ற நான் தடுக்கவில்லை. அடுத்த மழையில் தரை உப்பி, கேட்டைத் திறக்க முடியவில்லை. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

இரண்டாவது தடவை மண்ணை லேபுக்குக் கொண்டுபோனேன். சலித்த மண் 10 கிராம் மண்ணெண்ணெயில் (அதில் களிமண் உப்பாது), இன்னொரு 10 கிராம் தண்ணீரில். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 19 மில்லி. அதாவது 90 சதவீத வீக்கம். பிறகு 2, 3, 4 என்று சதவீதம் கூட்டிச் சுண்ணாம்பு கலந்து, காரத்தன்மை (pH) எதில் 12.4-ஐத் தொடுகிறது என்று பார்த்தார்கள். எங்கள் மண்ணுக்கு 5 சதவீதம். அரை அடி கனத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 12 கிலோ வரும். 15 சதுர மீட்டர், ஒன்றரை அடி ஆழம், மூன்று அடுக்கு என்றால் 25 கிலோ மூட்டை 22 வேண்டும்.

மண்ணை வெட்டி எடுத்து, உலர்த்தி, கட்டியெல்லாம் உடைத்துக் கலந்தோம். பார்வைக்கு நன்றாகத்தான் கலந்திருந்தது. லேபில் கொடுத்த பினாப்தலீனை, காரம் பட்டால் ரோஸ் ஆகும் திரவத்தைத் தெளித்ததும்தான் உண்மை தெரிந்தது: சுண்ணாம்பு சேர்ந்த இடம் பளிச்சென்று ரோஸ், நடுநடுவே உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் திட்டுகள். முதல் தரையில் இந்தத் திட்டுகள்தான் உப்பியிருக்கின்றன. முழுக்க ரோஸ் ஆகும்வரை இன்னும் இரண்டு தடவை புரட்டினோம். தார்ப்பாய் போட்டு மூடி ஒரு ராத்திரி விட்டோம். முந்தின நாள் மம்மட்டியில் ஒட்டி, குச்சியால் வழித்தால்தான் விட்ட மண், காலையில் கையில் அள்ளினால் புட்டு மாவு மாதிரி உதிர்ந்தது. களித்துகள் மேல் இருக்கும் சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்வதால் வரும் மாற்றம் அது. சிமென்ட் மாதிரி இறுகுவது வேறு வினை. மண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் அந்தக் காரத்தில் கரைந்து சுண்ணாம்போடு சேர வாரக்கணக்கில் ஆகும், ஈரமும் வேண்டும். அதனால் அடுக்கடுக்காகத் தட்டி, ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் வைத்தோம். மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் பைப்பையும் தரை ஓரத்திலிருந்து தெருப்பக்கம் திருப்பினேன்.

மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது. கேட் தடையில்லாமல் திறக்கிறது.

கொளத்தூர் வீட்டுக்காரம்மா:

சார், எங்களிடம் ஒருவர் டிரம்மில் ஏதோ கெமிக்கல் கொண்டுவந்தார். அஸ்திவாரக் குழியில் ஊற்றினால் பைலே வேண்டாம் என்றார். "எங்க மண்ணில் கலந்து லேப் ரிப்போர்ட் கொடுங்கள்" என்றேன். அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. கடைசியில் அடியில் குமிழ் வைத்த அண்டர் ரீம்டு பைல்தான் போட்டோம். மேல் மண் ஈரத்தில் உப்பினாலும் காய்ந்து சுருங்கினாலும், அந்த அசைவு எட்டாத ஆழத்தில், சுமார் 3.5 மீட்டரில், குமிழ் பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் இன்ஜினியர் விளக்கினார்.

பெரும்பாக்கம் சைட் இன்ஜினியர்:

சரியாகச் செய்தீர்கள் மேடம். சுண்ணாம்பு தரைக்கும் ரோட்டுக்கும்தான். வீட்டின் பாரத்தை அதை நம்பி இறக்கவே கூடாது.

மண் பரிசோதனை லேபில் 11 வருஷம்:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன் சார். சுண்ணாம்பு கலப்பதற்கு முன்னால் மண்ணில் சல்பேட் என்ற கந்தக உப்பு எவ்வளவு என்று பாருங்கள். அது அதிகமாக இருந்து சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். உப்பாமல் இருக்கப் போட்ட சுண்ணாம்பே உப்ப வைக்கும். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு சைட் மண்ணில் சல்பேட் கூடுதலாக வந்ததால் நாங்களே சுண்ணாம்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம்.

இன்னொன்று, மூட்டையைப் பிரித்து வாரக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். காற்றுப் பட்டு வெறும் சுண்ணாம்புக்கல் பொடியாகிவிடும், வேலை செய்யாது. கலக்குபவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் கொடுங்கள். எங்களிடம் சாம்பிள் கொண்டுவந்த ஒரு தம்பிக்குக் கண்ணில் சுண்ணாம்பு பட்டு, அரை மணி நேரம் குழாயடியில் கழுவி, அப்படியே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நல்லவேளை, பார்வை போகவில்லை.

பெரும்பாக்கம் சைட் இன்ஜினியர்:

சல்பேட் நான் பார்க்கவில்லை சார். அக்கா வீட்டு மண் இன்னும் ஒரு பையில் இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்.