குளத்து மீனை ரக்கூன் அள்ளுது, வலையும் சரிவரவில்லை. என்ன செய்யலாம்?

ஹைலன்ட்கிரீக்_தம்பி கேட்டது:

வணக்கம். நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபுறோவில், ஹைலன்ட் கிரீக் ஓடைக்குக் கிட்ட இருக்கிறோம். பின்வளவில் அப்பா வெட்டிய ஒரு மீன் குளம் இருக்கிறது. பதினொரு அடி நீளம், ஏழு அடி அகலம், நடுவில் மூன்றரை அடி ஆழம். சுற்றிவர ஒரு அடி ஆழத்தில் படி மாதிரி விட்டு அதில் அல்லிச் சாடிகளை வைத்திருக்கிறோம். கறுப்பு ரப்பர் லைனர், கரைக்குத் தட்டைக் கல். பெரிய கோய் ஐந்து, மிச்சம் எல்லாம் தங்கமீன்.

போன கிழமை விடிய எழும்பிப் பார்த்தால் சாடிகள் குப்புறக் கிடக்கின்றன, மண் முழுக்கத் தண்ணிக்குள். பம்பின் குழாயை இழுத்துக் கழற்றிப் போட்டிருக்கிறது. புல்லுக்கு மேல் பாதி தின்ற தங்கமீன் ஒன்று. டெக் படியில் ஐந்து விரலும் தெரிகிற சேற்றுக் கை அடையாளம். ரக்கூன்தான் என்று அன்றைக்கே கடையில் மெல்லிய நைலோன் வலை வாங்கி மேலே விரித்து, ஓரத்தில் கல் பாரம் வைத்தேன். அடுத்த இரவும் வந்திருக்கிறது. கல்லைத் தள்ளிவிட்டு, வலையைத் தண்ணிக்குள் அமத்தி, அதற்கு மேலே நின்று வேலையைப் பார்த்திருக்கிறது.

இப்போது இன்னொரு குழப்பம். நேற்று ஒரு கோயின் முதுகில், செட்டைக்குப் பக்கத்தில், ஆழமான ஒரு குத்துக் காயம். இந்த முறை சாடி ஒன்றும் அசையவில்லை, பம்பும் ஓடிக்கொண்டு இருந்தது. தப்பின மீன்கள் அடியை விட்டு மேலே வருவதே இல்லை, சாப்பாடு போட்டாலும் வராதாம்.

அம்மா மிளகாய்த்தூள் தூவச் சொல்கிறா. பக்கத்து வீட்டுக்காரர் பிளாஸ்ரிக் கொக்கு ஒன்று வாங்கி வைக்கச் சொல்கிறார். யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ. அப்பா இப்போது இல்லை, குளத்தை மூடவும் மனம் வரவில்லை.

மார்க்கம்_அக்கா எழுதியது:

தம்பி, எங்கட றோட்டில் ஒருவர் கூடு வைத்து, ரின் மீன் போட்டுப் பிடித்து, காரில் ஏற்றி ரூஜ் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டவர். கொஞ்ச நாள் கரைச்சல் இல்லாமல் இருந்தது. நீங்களும் அப்படிச் செய்யலாமே? கூடு ஹார்ட்வெயார் கடையிலேயே கிடைக்கும்.

இன்டர்லொக்_அண்ணை எழுதியது:

அக்கா குறை நினைக்க வேண்டாம், அதை மட்டும் செய்யாதீர்கள். ஒன்ராறியோவில் பிடித்த காட்டு மிருகத்தைப் பிடித்த இடத்தில் இருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விட வேண்டும், அதுவும் 24 மணித்தியாலத்துக்குள். சட்டம். ஒரு கிலோமீற்றருக்குள் விட்டால் அது உங்களுக்கு முன்னமே வீட்டுக்கு வந்து நிற்கும். கோடை தொடங்குகிற நேரம் பிடிபடுவது அநேகமாகத் தாய், குட்டிகள் யாருடைய கூரைக்குள்ளோ பட்டினி கிடந்து சாகும். அந்த அண்ணை பிடித்துக்கொண்டு போன பிறகு வேறொன்று வந்திருக்குமே? காலியான இடத்துக்கு அடுத்தது வரும், ரொறன்ரோவில் ரக்கூனுக்குப் பஞ்சம் இல்லை.

இனித் தம்பியின் விஷயம். நான் இந்தப் பக்கம் கல் பதிக்கிற, குளம் கட்டுகிற வேலை செய்கிற ஆள். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

உங்கள் குளத்துக்கு வருவது ஒருவர் இல்லை, இரண்டு பேர். சாடி கவிழ்த்தது, பம்பை இழுத்தது, புல்லில் வைத்துத் தின்றது எல்லாம் ரக்கூன். அது இரவில் வரும், கையைத் தண்ணிக்குள் விட்டுத் துழாவும். அதன் முன்கை விரல்களுக்கு உணர்ச்சி அப்படி, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு கையாலேயே மீன் எது, கல் எது என்று பிடித்துவிடும். துழாவுகிற வழியில் இருப்பது சாடியோ பம்போ, எல்லாவற்றையும் புரட்டும். கோயின் முதுகில் குத்தினது நாரை. பெரிய நீல நாரை, இடுப்பளவு உயரம் வரும். விடியப்புறம் வந்து, படியில் இறங்கி, அசையாமல் நின்று ஒரே குத்து. விழுங்க முடியாத பெரிய மீன் என்றால் காயத்தோடு நழுவிவிடும். கரைக் கல்லில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஊற்றினது போல எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது ஒரு ஆளும் இருக்கிறார், மிங்க். ஓடைக்கரை வழியாக வருவார், கீரிப்பிள்ளை அளவுதான். நல்லகாலம் உங்களிடம் அவர் வரவில்லை, வந்தால் ஒரே இரவில் எல்லா மீனையும் கடித்துக் கொன்றுவிட்டுத்தான் போவார்.

ரக்கூனும் நாரையும் வேறு வேறு நேரம், வேறு வேறு விதம். ஆனால் இரண்டும் நின்றது ஒரே இடத்தில்: அந்த ஒரு அடிப் படி. அப்பாவைக் குறை சொல்லவில்லை, அந்த நாளில் எல்லாரும் அப்படித்தான் வெட்டினார்கள், புத்தகத்திலும் அப்படித்தான் படம் இருக்கும். நாரைக்கு நின்று குத்தக் கால் வைக்க இடம் வேண்டும். ரக்கூனுக்கு நீந்தத் தெரியும், ஆனால் நீந்திக்கொண்டு மீன் பிடிக்க அதால் முடியாது, நிலத்தில் கால் ஊன்றினால்தான் கை வேலை செய்யும். நிற்க இடம் இல்லாத குளத்தில் இரண்டுமே நேரத்தை மினக்கெடுத்தாது. நான் இப்போது கட்டுகிற குளங்களில் படியே விடுவதில்லை. கரையில் இருந்து நேர் கீழே இறக்கி, மேல் கல்லை நாலு அங்குலம் உள்ளே நீட்டி விடுவேன்.

உங்களுக்கு லைனரைப் பிடுங்கித் திரும்பக் கட்ட வேண்டிய தேவை இல்லை. சாடிகளைப் படியில் இருந்து எடுத்து, நடுவில் சீமெந்துக் கல் அடுக்கி அதற்கு மேல் வையுங்கள். கல்லுக்குக் கீழே பழைய லைனர்த் துண்டு ஒன்று போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் கிழிக்கும். பிறகு படியின் அகலத்துக்கு, தண்ணி மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, சுற்றிவரக் கம்பி வலைச் சட்டம் அடியுங்கள். மரச்சட்டத்தில் ஒரு அங்குலக் கண்ணுள்ள வெல்ட் வலை. துணி மாதிரித் தொய்கிற வலை இல்லை, மிதித்தால் அசையாத வலை. அடியில் கால் போகாது, மேலே நின்றால் மீன் எட்டாது. நடுவுக்கு இரண்டு மூடி செய்து பிணைச்சல் பூட்டினால் இரவில் மூடிப் பகலில் திறக்கலாம். நாரை போகும்வரை விடியலிலும் மூடியே வைத்திருங்கள்.

இரண்டு விஷயம் கவனம். கடையில் விற்கிற பச்சை நிற மருந்தடித்த பலகையில் செம்பு இருக்கிறது, செம்பு மீனுக்கு நஞ்சு. சீடர் வாங்குங்கள், கொஞ்சம் விலைதான். துத்தநாகம் பூசின கல்வனைஸ் வலையும் தண்ணிக்குள் அமிழக்கூடாது, துத்தநாகம் கரையும். பிளாஸ்ரிக் பூசின வலை கிடைத்தால் இன்னும் நல்லது.

அந்த மெல்லிய நைலோன் வலையைச் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். அதில் ரக்கூன் மாட்டாது. கோடு போட்ட கார்ட்டர் பாம்பும் குருவியும்தான் மாட்டும், அதுகளை வெட்டி எடுக்கிற பாடு எனக்குத் தெரியும்.

மிளகாய்த்தூள் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஒரு மழைக்குக் கழுவிக்கொண்டு போய்க் குளத்துக்குள்தான் விழும். பிளாஸ்ரிக் கொக்குக்கு நாரை கொஞ்ச நாள் பயப்படும், பிறகு அதற்குப் பக்கத்திலேயே நின்று மீன் பிடிக்கும். றேடியோ, வெளிச்சம் எல்லாம் அதே கதை. இந்த ஊர் 2016இல் ரக்கூன் திறக்க முடியாத பூட்டு என்று சொல்லிப் பச்சைக் குப்பை வாளி கொடுத்தது, அதையே சரித்து விழுத்தித் திறந்த ரக்கூன்கள் இருக்கின்றன. பயமுறுத்துகிற சாமான்களில் நான் நம்புவது ஒன்றைத்தான்: ஆள் அசைந்தால் தண்ணி அடிக்கிற ஸ்பிரிங்ளர். அதுவும் தனியாக இல்லை, வலைச் சட்டத்தோடு சேர்த்து. அதை நாரை வந்து இறங்குகிற பக்கம் பார்த்து வையுங்கள். தண்ணி குளத்துக்குள் விழாதபடி திருப்பி விடுங்கள். ரொறன்ரோக் குழாய்த் தண்ணியில் இருப்பது குளோரமின். குளோரின் என்றால் ஒரு இரவு திறந்து வைத்தால் போய்விடும், இது போகாது, மீனின் பூவை, அதாவது செவுளை, சுடும். இன்னொன்று, வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டு வையுங்கள். நான் பூட்டிக் கொடுத்த ஒரு வீட்டில் மாமி கறிவேப்பிலைச் சாடியில் நாலு இணுக்கு முறிக்கப் போய், தலையில் இருந்து கால்வரை நனைந்து, எனக்கு விழுந்த பேச்சு கொஞ்ச நஞ்சம் இல்லை.

பிறாம்ப்ரன்_காரன் எழுதியது:

இவ்வளவு வேலை எதுக்கு அண்ணை? மின்வேலி இருக்குதே. நிலத்தில் இருந்து ஆறு அங்குலத்தில் ஒரு கம்பி, பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு கம்பி, சோலார்ப் பெட்டி. ஒரு தரம் மூக்கில் பட்டால் ரக்கூன் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காது. என் கூட்டாளி பண்ணையில் சோளத்துக்கு அப்படித்தான் போட்டிருக்கிறான்.

இன்டர்லொக்_அண்ணை எழுதியது:

பண்ணையில் சரி. வேலை செய்யும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் நகரத்துக்குள் குடியிருப்பு வளவில் மின்வேலியை வேலிச் சட்டம் பெரும்பாலும் விடாது, போடுவதற்கு முன்னம் சிற்றி ஹோலில் கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிற வளவு என்றால் நான் கேட்கவும் மாட்டேன். அதோடு அது ரக்கூனுக்கு மட்டும்தான். நாரைக்குக் கால் முழுக்கச் செதிலும் எலும்பும், தாண்டிப் போகும். அதன்மேல் கை வைக்கவும் முடியாது, வலசைப் பறவைகள் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பறவை.

ஹைலன்ட்கிரீக்_தம்பி எழுதியது:

அண்ணா, பெரிய நன்றி. போய்ப் பார்த்தேன், கரைக் கல்லில் வெள்ளை எச்சம் இருக்கிறது. சட்டம் அடிப்பது என்றே முடிவு. மூன்று கேள்வி. காயப்பட்ட கோய் பிழைக்குமா? வேலி மூலையில், விறகு அடுக்கினதுக்குப் பின்னால், கறுப்பாகக் குவியல் குவியலாகக் கழிவு கிடக்கிறது, விதை எல்லாம் தெரிகிறது. அது ரக்கூனுடையதா? மகளுக்கு நாலு வயது, அந்தப் பக்கம்தான் விளையாடுவாள். கடைசியாக, நாங்கள் பூனைக்கு வெளியில் சாப்பாடு வைக்கிறோம், அதுவும் ஒரு காரணமா?

இன்டர்லொக்_அண்ணை எழுதியது:

முதலில் இரண்டாவதுக்குப் பதில், அதுதான் அவசரம். ஓம், அது ரக்கூனின் கக்கூஸ். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து போகும். அதில் வட்டப்புழுவின் முட்டை இருக்கலாம், வாய்க்குள் போனால் மனிசருக்கு மூளை, கண் வரைக்கும் போகக்கூடிய புழு. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்துக் கூட, மண்ணில் விளையாடின கையை வாய்க்குள் வைப்பார்கள். மகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கையுறை, முகக்கவசம் போட்டு, தூசி பறக்காதபடி தண்ணி தெளித்து, சவளால் அள்ளி இரட்டைப் பையில் கட்டி எறியுங்கள். அதற்குப் பிறகு அந்த நிலத்தில் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணி ஊற்றுங்கள். பிளீச் அந்த முட்டையைக் கொல்லாது, கொதிதண்ணிதான். விறகை வேறிடத்துக்கு மாற்றி மூலையை வெளியாக்கினால் திரும்ப வராது. உயிரோடு ரக்கூன் நின்றால் கிட்டப் போகவே வேண்டாம். 2015 டிசம்பரில் ஹமில்ற்றனில் ரக்கூன் விசர்நோய் திரும்ப வந்தது. பகலில் தள்ளாடிக்கொண்டு திரிந்தால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பூனைச் சாப்பாடு: பெரிய காரணம். இருட்டுப்பட முன்னம் கோப்பையை உள்ளே எடுங்கள். குருவிக்கு விதை தொங்கவிட்டிருந்தால் அதையும். மீனுக்குப் போடுகிற சாப்பாடும் பின்னேரத்தில் வேண்டாம், மிதக்கிற மிச்சத்தின் மணத்துக்கே வரும்.

கோய்: குத்து வயிற்றுக்குள் இறங்காமல் முதுகுச் சதையோடு நின்றிருந்தால் அநேகமாகப் பிழைக்கும். காயத்தைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளை வருகிறதா என்று பாருங்கள். அயடீன் சேராத உப்பு ஆயிரம் லீற்றருக்கு ஒரு கிலோ கணக்கில், இரண்டு மூன்று நாளில் பிரித்துக் கரைத்து ஊற்றலாம். அதற்கு மேல் போனால் அல்லி பழுதாகும். மற்ற மீன்கள் பயத்தில் அடியில் கிடக்கின்றன. எட்டு அங்குல பீவீசீக் குழாயை மூன்றடித் துண்டாக வெட்டி இரண்டை அடியில் போட்டுவிடுங்கள், அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதுகளாக மேலே வரும்வரை சாப்பாடு போட வேண்டாம், இந்த வெயிலில் மிச்சம் அழுகித் தண்ணிதான் கெடும்.

பலகை வாங்கப் போகும்போது இரண்டுக்கு இரண்டு சீடர் கேளுங்கள். படியின் அகலத்தை நாலு பக்கமும் தனித்தனியாக அளந்துகொண்டு போங்கள், கையால் வெட்டின குளத்தில் நாலு பக்கமும் ஒரே அளவு வராது. திருகாணி ஸ்ரெயின்லெஸ்.