பொருள்: Re: ‘லைவ்’ அமர்வுக்குத் தமிழ்ச்சொல் – ‘வெள்ளோட்டம்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். இயங்குதளத்தைக் கணினியில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்ப்பதுதான் ‘லைவ்’ அமர்வு. அதற்கான பொத்தானில் எந்தத் தமிழ்ச்சொல் வரவேண்டும் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> லைவ் என்றால் நேரடி. நேரடி ஒளிபரப்பு என்று எல்லோரும் சொல்கிறார்களே, புதிதாக ஒரு சொல் எதற்கு?

என் அக்காவுக்கு நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அக்காவின் கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. மற்றபடி நன்றாக ஓடுகிற கணினிதான். லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். இரண்டு பென் டிரைவில் இரண்டு வழங்கல்களை (லினக்ஸின் வெவ்வேறு வடிவங்களை) ஏற்றிக் கொடுத்து, “முதல்ல நேரடி அமர்வுல ஓட்டிப் பாருக்கா, பிடிச்சதை நிறுவிக்கலாம்” என்றேன். முதலாவதே பிடித்துப்போயிற்று. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பதினொரு பக்கம் தட்டச்சு செய்து, ஆவணங்கள் கோப்புறையில் சேமித்து, கணினியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் திறந்தால் கோப்புறை காலி.

“நேரடின்னு சொன்னியே, நேரா கம்ப்யூட்டர்லயே போய்ச் சேருதுன்னுதானே நினைச்சேன்?” என்றார். அவர் நினைத்ததில் தப்பே இல்லை. ‘நேரடி’ என்றால் தமிழில் இடையில் எதுவும் இல்லாமல் என்றுதான் பொருள். இங்கே நடப்பதோ அதற்கு நேர்மாறு. பென் டிரைவில் இருப்பது சுருக்கி வைத்த, படிக்க மட்டுமே முடிகிற ஒரு கோப்பு முறைமை. அதன்மேல் ரேமில், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தில், ஒரு மெல்லிய அடுக்கு போடப்படுகிறது. நாம் எழுதுவது, மாற்றுவது, அழிப்பது எல்லாம் அந்த அடுக்கில்தான். மின்சாரம் போனால் அடுக்கும் போய்விடும். வன்வட்டை நாமாகத் திறந்து எழுதினாலொழிய அதில் ஒரு எழுத்தும் மாறாது. பயனருக்குத் தெரிய வேண்டியவை இந்த இரண்டும்தான்: பழையதற்கு ஒன்றும் ஆகாது, புதிதாகச் செய்தது தங்காது. ‘நேரடி’ இரண்டில் ஒன்றையும் சொல்லவில்லை.

> ‘நிறுவா அமர்வு’ துல்லியமாக இருக்கிறது.

ஆமாம், எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் திரையில் அது எங்கே வரும் என்று பாருங்கள். ‘நிறுவு’ என்ற பொத்தானுக்குப் பக்கத்திலேயே ‘நிறுவா’ என்று இன்னொன்று. ஒரே ஒரு உயிர்க்குறிதான் வித்தியாசம். தாளில் இரண்டையும் எழுதி வீட்டில் காட்டினேன். ஒருவர் ‘நிறுவா’வை ‘நிறுவவா?’ என்று கேள்வியாகவே படித்துவிட்டு, ஆமாம் என்று சொல்வதுபோல அதன்மேல் விரலை வைத்தார். பேசா மடந்தை, செல்லாக் காசு என்று பழகிய தொடர்களில் ஈறுகெட்ட எதிர்மறை உறுத்தாது. தனியாக ஒரு பொத்தானில் நிற்கும்போது கண் தடுமாறுகிறது. அதே தடுமாற்றத்தில் ஒருவர் ‘நிறுவு’வை அழுத்தினால்? அந்தப் பாதையில் போனால் ‘வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு’ என்ற இடம் வருகிறது. நடுவில் எச்சரிக்கைகள் வரும்தான். அவசரத்தில் இருப்பவர் அவற்றைப் படிப்பார் என்று நம்பிப் பொத்தானுக்குப் பெயர் வைக்கக் கூடாது.

சரி, வெள்ளோட்டத்துக்கு வருகிறேன். புதுத் தேரையோ கப்பலையோ முறையாகப் பயன்பாட்டுக்கு விடுமுன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வெள்ளோட்டம். இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்னும் நம்முடையதாக ஆகவில்லை, ஓட்டிப் பார்க்கிறோம், சரிப்படாவிட்டால் விட்டுவிடலாம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே கிடைக்கிறது.

> வெள்ளோட்டம் பீட்டாவுக்கு அல்லவா?

சிலர் அப்படி எழுதுவது உண்மைதான். ஆனால் பீட்டா என்பது இன்னும் செய்து முடிக்காத மென்பொருள். அதற்குச் ‘சோதனைப் பதிப்பு’ போதும். வெள்ளோட்டம் விடும்போது தேர் செய்து முடிந்திருக்கும். லைவ் படிமத்தில் (பென் டிரைவில் ஏற்றும் கோப்பில்) இருப்பதும் முழுமையான இயங்குதளம்தான். நம் கணினியில் அது எப்படி ஓடும் என்பதே கேள்வி.

தினமும் பயன்படுத்த ஒரு வழங்கலைத் தேர்ந்தெடுப்பவருக்கு இந்தக் கட்டத்தைவிட முக்கியமானது எதுவும் இல்லை. எத்தனை ஒப்பீட்டுக் கட்டுரை படித்தாலும், மடிக்கணினியை மூடித் திறந்தால் அது விழித்துக்கொள்கிறதா என்பதை வெள்ளோட்டத்தில்தான் பார்க்க முடியும். வைஃபை, ஒலி, அச்சுப்பொறியும் அப்படித்தான். நம்மவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஐபஸில் (லினக்ஸில் பிறமொழித் தட்டச்சுக்கான நிரலில்) தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ மூன்றையும் தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் உரிய இடத்தில் உட்காருகின்றனவா, ஒரு எழுத்தை அழித்தால் எவ்வளவு அழிகிறது என்பது உடனே தெரிந்துவிடும். தெபியான் என்ற வழங்கலை முன்பு ஓட்டிப் பார்த்த பலர் வைஃபை வரவில்லை என்று கைவிட்டார்கள். 2023-இல் வந்த தெபியான் 12-இலிருந்து, கட்டற்றதல்லாத நிலைப்பொருளும் (வைஃபை போன்ற வன்பொருள் இயங்கத் தேவைப்படும், கட்டற்ற உரிமத்தில் வராத மென்பொருளும்) அதிகாரப்பூர்வப் படிமத்திலேயே வருகிறது. அப்போது விட்டவர்கள் இன்னொரு வெள்ளோட்டம் பார்க்கலாம். வேகத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பென் டிரைவிலிருந்து ஓடுவது மெதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளோட்டம் பொருந்தாத இடமும் இருக்கிறது. டெயில்ஸ் வழங்கல் எப்போதுமே இப்படி ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. தடம் தங்காதது அதன் நோக்கம். பழுதான கணினியிலிருந்து கோப்புகளை மீட்க லைவ் வட்டைப் போடுபவரும் எதையும் சோதிக்கவில்லை. அங்கெல்லாம் ‘வெள்ளோட்டம்’ என்றால் பொய்யாகிவிடும். ஆகவே கலைச்சொல் பட்டியலில் இரண்டு சொல்லும் இருக்கட்டும் என்பது என் கருத்து. நுட்ப ஆவணங்களில் பொதுச்சொல்லாக ‘நிறுவா அமர்வு’, பொத்தானிலும் புதியவருக்கான கையேட்டிலும் ‘வெள்ளோட்டம்’. ஆங்கிலத்திலும் உபுண்டு வழங்கல் தன் திரையில் லைவ் என்று கேட்பதில்லை, ‘ட்ரை’ என்றுதான் கேட்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்ற விதியை இங்கே தளர்த்தலாம்.

பென் டிரைவிலேயே கோப்புகள் தங்கும்படி செய்யும் வசதிக்கு ‘தங்கும் சேமிப்பு’ போதும் என்று நினைக்கிறேன். ‘நினைவு’ என்று தொடங்கும் எதுவும் நினைவகத்தோடு குழம்பும்.

அப்புறம், பொத்தானுக்குக் கீழே வரும் விளக்கத்துக்கு என் வரைவு:

வெள்ளோட்டம் பார்க்க
உங்கள் கணினியில் எதுவும் மாறாது. இங்கே நீங்கள் சேமிப்பவை கணினியை அணைத்ததும் அழிந்துவிடும்.

இதை அக்காவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு உடனே கேட்டார்: “அப்போ எழுதினதை எங்க வைக்கிறது?” அந்தக் கேள்வி அன்றைக்குச் சாயங்காலமே வந்திருக்க வேண்டும். அதற்காக இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்: “வைத்துக்கொள்ள வேண்டிய கோப்புகளை வேறொரு பென் டிரைவில் சேமியுங்கள்.” சிறிய திரையில் மூன்று வரி அதிகம் என்றால் எதைக் குறைக்கலாம் என்று சொல்லுங்கள். இந்தக் கடைசி வரியை மட்டும் எடுக்க வேண்டாம்.