அப்பச்சியைக் கிட்டார் கச்சேரிக்குக் கூட்டிப் போக யோசனை சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் காரைக்குடி. புளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை வாசிக்கும் மூத்த கிட்டார் கலைஞர் ஒருவர் அடுத்த மாதம் சென்னையில் ஒரு கிளப்பில் வாசிக்கிறார். அப்பச்சிக்கு வயது 72, முழங்கால் வலி. ஆனாலும் போயே தீருவேன் என்கிறார். விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டித் தந்தியில் இழுக்கும் ஸ்லைடு வாசிப்பு அவருக்கு, தந்தி மேல் கட்டையை வழுக்கி வாசிக்கும் வீணை போன்ற கோட்டுவாத்தியம் மாதிரியே கேட்கிறதாம். வீணைக்குப் பேர் போன ஊரில் பிறந்தவருக்கு இப்படி ஒரு பித்து! ஆத்தா தலையில் அடித்துக்கொள்கிறார்.

போன வருடம் வேறொரு கிளப்புக்கு நான் மட்டும் போயிருந்தேன். நாற்காலியே கிடையாது. மூன்று மணி நேரம் தூணுக்குப் பின்னால் நின்று, முன்னால் இருந்தவரின் செல்போன் திரையில்தான் பாதிக் கச்சேரியைப் பார்த்தேன். அப்பச்சியால் அது முடியாது.

பெரியவர்களை இப்படிக் கூட்டிப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே யாரிடம் கேட்பது, டிக்கெட் விற்பவர்களிடமா, கிளப்பிலா? எவ்வளவு சீக்கிரம் போனால் ஸ்பீக்கருக்குத் தள்ளி ஓரமாக இடம் பிடிக்கலாம்? காது மெஷின் வேறு போட்டிருக்கிறார், அந்தச் சத்தத்தில் கழற்றிவிடுவதுதான் நல்லதா?

போவதற்குக் காலைப் பல்லவன் ரயில் இருக்கிறது. கச்சேரி முடிய ராத்திரி 11 ஆகிவிடும் என்பதால் தங்கித்தான் வரவேண்டும். எழும்பூர் பக்கம் லிஃப்ட் உள்ள லாட்ஜ் தெரிந்தாலும் சொல்லுங்கள்.